சம்பந்திகளின் ஆல்புமின்

என் அப்பாவுக்கும் மாமனாருக்கும் ஒரே வருஷத்தில் ஒரே இடத்தில் புற்றுநோய் வந்தது. இடம் என்று நான் சொல்வது பெருங்குடலை. முதலில் வந்தது மாமாவுக்கு. சில மாதங்கள் கழித்து அப்பாவுக்கும் வந்தபோது, "நம்மளப் பாத்துத்தானுங்க சம்மந்திக்கும் வந்துருச்சு" என்றார் மாமா. அப்பா தன்னைக் காப்பி அடித்துவிட்டார் என்கிற மாதிரி ஒரு தொனி.

இருவருக்கும் என் கல்யாணத்திலிருந்தே ஆகாது. மாமா ஈரோட்டுப் பக்கம். டெல்லியில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா திருநெல்வேலிக்குத் தெற்கே. விமானப்படையில் வாரன்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். மறுவீட்டு விருந்தில் எங்கள் ஊர் வழக்கப்படி அப்பா சொதி போட்டார். தேங்காய்ப்பாலில் காய்கறி வேகவைத்து, இஞ்சித் துவையலோடு சாப்பிடுவது. மாமா இலையைப் பார்த்தார், ஒரு வாய் சாப்பிட்டார், பரிமாறியவரை நிமிர்ந்து பார்த்து, "நல்லாருக்குதுங்க. கொழம்பு எப்ப வருமுங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் மட்டும்தான் குடிப்பார்.

எங்கள் வீடு என்பது டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் என் கணவருக்கு ஒதுக்கப்பட்ட அரசாங்கக் குடியிருப்பு. மாமாவும் அத்தையும் எங்களோடு இருந்தார்கள். அம்மா போன பிறகு அப்பா டெல்லியின் இன்னொரு கோடியில், துவாரகாவில் தனியாக இருந்தார். அவருக்கு அறுவைச் சிகிச்சை முடிந்ததும் எங்கே தங்க வைப்பது என்று நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது அத்தை தீர்த்து வைத்தார்.

"அம்மிணி, உங்கப்பாவ இங்கயே கூட்டிட்டு வந்துரு. ரெண்டு பேருக்கும் ஒரே கஞ்சிதான? ஒரே சட்டில வெச்சுப்போடறேன்."

அப்பா வந்தார். பெண் கொடுத்த வீட்டில் கை நனைப்பதில்லை என்ற கொள்கையை வயிற்றில் போட்ட தையலோடு கொண்டுவந்து எங்கள் முன்னறைக் கட்டிலில் கிடத்தினார். அதே அறையின் இன்னொரு கட்டிலில் மாமா. இருவருக்கும் நடுவே ஒரு ஃபேன். அது யார் பக்கம் திரும்பி இருக்க வேண்டும் என்பதில் முதல் வாரம் போனது.

கீமோதெரபிக்கு இருவரையும் ஒரே நாளில் வரச்சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தேன். நான் நொய்டாவில் ஒரு டி.வி. சேனலில் வேலை பார்க்கிறேன். தேர்தல் சமயத்தில் யார் ஜெயிப்பார்கள் என்ற கருத்துக்கணிப்புகளைத் தயார் செய்யும் பிரிவு. கணிப்பு பலித்தால் கேக் வெட்டுவோம், பலிக்காவிட்டால் அடுத்த மாநிலத்துக்குப் போய்விடுவோம். அந்த வேலையில் இரண்டு நோயாளிகளுக்கு இரண்டு தனித்தனி லீவு கிடைக்காது.

மருத்துவமனையில் எங்களைப் பார்த்துக்கொண்டது மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு இளம் டாக்டர். அவளுடைய பெற்றோர் தமிழர்கள். அவள் இதே டெல்லியில், மோதி பாக்கில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. தமிழில் தொடங்கும் அவளுடைய வாக்கியம் எந்த மொழியில் போய் முடியும் என்பது அவளுக்கே தெரியாது. தன்னுடைய ஆய்வேட்டுக்காக எல்லா நோயாளிகளின் ரத்தத்தையும் பார்த்து அவள் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தாள். நோயாளிகளிடம் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் அவளுக்கு இல்லை. அப்பாதான், "நம்ம ரத்தத்த எடுத்து என்னம்மா பண்ணுதிய?" என்று கேட்டுவிட்டார். தமிழில் கேட்ட குஷியில் அவளும் சொல்லிவிட்டாள்.

"ரெண்டு சீஸ்... ரெண்டு விஷயம் பாக்கறேன் அங்கிள். ஒண்ணு சி.ஆர்.பி. பாடிக்குள்ள எங்கயாவது ஆக்... நெருப்பு இருந்தா அது மேல போகும். இன்னொண்ணு ஆல்புமின். அது லிவர் பண்ற ப்ரோட்டீன். நெருப்பு ஜாஸ்தி ஆனா, உடம்பு தேய்ஞ்சு போனா, அது கீழ வரும். ரெண்டயும் சேத்து மார்க் போடறோம். ஜீரோ, ஒன், டூ."

"எனக்கு எத்தன?"

"நீங்க ஜீரோ அங்கிள்."

அப்பாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். விமானப்படையில் யாரும் அவருக்குப் பூஜ்யம் போட்டதில்லை.

"எதுல ஜீரோ?"

"ரெண்டுலயும்" என்றாள் சந்தோஷமாக. பிறகு மாமா பக்கம் திரும்பி, "இந்த அங்கிள் டூ" என்றாள்.

மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து துண்டைச் சரி செய்துகொண்டார். "விடுங்க சம்மந்தி, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று அப்பாவுக்கு ஆறுதல் வேறு சொன்னார்.

"நோ நோ, ஜீரோதான் அச்சா" என்றாள் டாக்டர்.

அப்பா மெதுவாகக் காலை நீட்டினார். "அப்ப ரெண்டு வாங்குனா என்னங்க அர்த்தம்?" என்று மாமா கேட்டார். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "கொஞ்சம் கேர்ஃபுல்லா இருக்கணும் அங்கிள்" என்றாள்.

மெட்ரோவில் வேலைக்குப் போகும்போது தேடிப் படித்தேன். எல்லாக் கட்டுரைகளும் ஒரே விஷயத்தை வேறு வேறு வார்த்தைகளில் சொல்லின. பூஜ்யம் வாங்கியவர்களைவிட இரண்டு வாங்கியவர்கள் பொதுவாகக் குறைந்த காலமே இருந்தார்கள். கட்டி எவ்வளவு பெரியது, எங்கே பரவியது என்பதெல்லாம் ஒரு பக்கம். உடம்பு அதைக் கண்டு எவ்வளவு கொதிக்கிறது, அந்தக் கொதிப்பில் எவ்வளவு கரைகிறது என்பது இன்னொரு பக்கம். நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். மாமாவும் அதே கட்டுரைகளைப் படித்துவிட்டார் என்பது அவருடைய போனை சார்ஜில் போட்டபோது தெரிந்தது.

வீட்டில் அப்பாவின் அட்டகாசம் தாங்க முடியவில்லை. போனில் அவருடைய பழைய சகாக்களிடம், "நமக்கு ஜீரோவாக்கும்" என்று ஆரம்பித்து விளக்குவார். கஞ்சியில் பாதியை மாமா வைத்துவிட்டால், "சம்மந்தி, குடிச்சிருங்க. ஒங்களுக்கு ஆல்புமின் வேற கொறச்சலா கெடக்கு" என்பார். மாமா பல்லைக் கடிக்கக்கூட மாட்டார். அதற்கு வேறு காரணம் இருந்தது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

ஆல்புமின் என்றால் முட்டையின் வெள்ளைக்கரு என்று குடியிருப்புப் பூங்காவில் உட்காரும் ஓய்வுபெற்றவர்கள் மாமாவிடம் சொல்லிவிட்டார்கள். சிக்கல் என்னவென்றால், மாமா பிழைத்து எழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அத்தை வீட்டில் கறி, மீன், முட்டை அத்தனையையும் நிறுத்தியிருந்தார். அவர் பிழைக்க வேண்டி நிறுத்திய முட்டையைச் சாப்பிட்டால்தான் அவர் பிழைப்பார் என்று பூங்கா சொன்னது. கடவுளுக்கும் கல்லீரலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மாமா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

ஒருநாள் அப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, டீயில என்னமோ வாட அடிக்கி."

முன்னறையில் வெந்நீருக்காக ஒரு மின்சாரக் கெட்டில் வைத்திருந்தோம். அதன் மூடியைத் திறந்து மோந்து பார்த்ததும் எனக்குப் புரிந்தது. பால்கனியில் துளசித் தொட்டிக்குப் பின்னால் முட்டை ஓடுகள். அத்தை கோயிலுக்குப் போகும் நேரத்தில் மாமா கெட்டிலில் முட்டை அவித்துக்கொண்டிருக்கிறார். இது தெரிந்தால் அப்பா ஊரைக் கூட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஓடுகளைப் பழைய பேப்பரில் சுருட்டி என் கையில் கொடுத்து, "கீழ குப்பைல கொண்டு போட்ரு. ஒங்க அத்தை பாத்துரப் போறா" என்றார்.

"நீங்க எதுக்குப்பா அவருக்கு உதவி பண்றீங்க?"

"ஒத்தையில ஓடி செயிக்கதுல என்னட்டி பெரும இருக்கு? வரட்டும், ஜீரோவுக்கு வரட்டும்."

வரவில்லை. அடுத்த சுற்றிலும் மாமா இரண்டுதான். ஆல்புமின் அசையவில்லை, சி.ஆர்.பி. முன்பைவிட ஏறியிருந்தது. முட்டையைப் பற்றி நான் ரகசியமாகக் கேட்டேன். "சாப்பிடட்டும், நல்லது. ஆனா உள்ள நெருப்பு இருக்கும்போது லிவர் ஆல்புமினே கம்மியாத்தான் பண்ணும் தீதி" என்றாள் டாக்டர். எங்கே அந்த நெருப்பு என்பதுதான் அவளுக்கும் தெரியவில்லை. மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். சிறுநீர் சோதித்தார்கள். ஸ்கேன் பார்த்தார்கள். புதிதாக எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் மாமா பால்கனியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காயப்போட்ட துணியை எடுக்கப் போனேன்.

"அம்மிணி, நீ படிச்ச புள்ள. ரெண்டுன்னா எத்தன நாளு?"

"அது அப்படி இல்ல மாமா. எங்க சேனல்ல இந்த ஊர்ல யார் ஜெயிப்பாங்கன்னு சொல்லுவோம். ஆனா நீங்க யாருக்கு ஓட்டுப் போடுவீங்கன்னு எங்களுக்குத் தெரியாது. இதுவும் அதே மாதிரிதான். கூட்டத்தப் பத்திச் சொல்லும். உங்களப் பத்திச் சொல்லாது."

அவர் யோசித்தார். "நீங்க சொன்னது எத்தன தடவ பலிச்சிருக்கு?"

"பாதிக்கு மேல."

"அது எனக்கு நல்லதா கெட்டதான்னு தெரியலியே, கண்ணு" என்றார். எனக்கும் தெரியவில்லை. துணியை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது எல்லாம் முடிந்து எழுந்த நேரத்தில் அப்பா, "டாக்டரம்மா, ஒரு விசயம்" என்றார். "சம்மந்தி எடது பக்கமா மெல்லுததே இல்ல. நானும் கொஞ்ச நாளா பாத்துக்கிட்டே இருக்கேன். முறுக்க டீயில முக்கித் திங்காரு."

ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து வாங்கி வரும் முறுக்கை மாமா நாள் முழுக்கக் கடித்துக்கொண்டிருப்பவர். அவர் கடிக்காமல் விட்டதை அவருடைய மனைவி, மகன், மருமகள் யாரும் பார்க்கவில்லை. எதிராளியின் தட்டை மூன்று வேளையும் கண்காணித்த அப்பா பார்த்திருக்கிறார்.

"அது பழக்கமுங்க" என்றார் மாமா அவசரமாக.

"வாய் திறங்க அங்கிள்" என்று டாக்டர் டார்ச்சை எடுத்தாள். எட்டிப் பார்த்தவள் தமிழை முழுவதும் கைவிட்டாள். "அரே, யே க்யா ஹை?"

கீழ்க் கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஈறு வீங்கிச் சீழ் கோத்திருந்தது.

"வலிக்கலயா அங்கிள்?"

"வலிக்குதுங்க."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேன்சரப் பத்தித்தானுங்க கேட்டீங்க. பல்லப் பத்தி ஒருத்தரும் கேக்கலியே."

உண்மைக் காரணம் அதுவல்ல. வயிற்றைக் கிழித்துக் குடலை வெட்டச் சம்மதித்த மனிதருக்குப் பல் பிடுங்குவதென்றால் கிலி. கீமோ எடுக்கும்போது இப்படிச் சீழை வைத்துக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்று அவள் ஹிந்தியில் திட்டித் தீர்த்தாள். மாமா அத்தனையையும் கேட்டுக்கொண்டு அப்பாவை மட்டும் முறைத்துக்கொண்டிருந்தார்.

"காட்டிக் குடுத்துப்போட்டீங்களே சம்மந்தி."

மருந்து கொடுத்து, கீமோவில் குறைந்திருந்த வெள்ளணுக்கள் ஏறும்வரை காத்திருந்து, பிறகு பல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். காட்டிக் கொடுத்தவர் கூட வந்தால்தான் போவேன் என்று மாமா அடம் பிடித்ததால் அப்பாவும் வந்தார். உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தபோது வெளியே பெஞ்சில் இருந்த அப்பா சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வாயில் பஞ்சோடு வெளியே வந்தவரைப் பார்த்து, "முடிஞ்சிட்டா வே?" என்றார்.

ஆட்டோவில் மாமா என் காதருகே குனிந்தார். "வே"ன்னா மரியாதைதானா அம்மிணி, என்று பஞ்சோடு குழறினார். மரியாதைக்கும் மேலே, என்றேன்.

அதற்குப் பிறகு மாமாவின் சி.ஆர்.பி. சரசரவென்று இறங்கியது. ஆல்புமின் அவ்வளவு வேகம் காட்டவில்லை, ஆனாலும் ஏறியது. குளிர் தொடங்குவதற்கு முன்பே அவரும் பூஜ்யம். இருவரும் ஒரே மார்க் வாங்கியதும் போட்டியில் சுவாரஸ்யம் போய்விட்டது. பழையபடி ஃபேனுக்குச் சண்டை போட ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு வருத்தம் மாமாவுக்கு. பல்லில் சீழ் இருந்ததால் அவருடைய கணக்கைச் சேர்க்க முடியாது என்று டாக்டர் ஆய்விலிருந்து அவரை எடுத்துவிட்டாள்.

"ஃபெயில் பண்ணிருந்தாக்கூடப் பரவால்லீங்க. பள்ளிக்கூடத்த விட்டே தொரத்திப்போட்டாங்க."

சிகிச்சை முடிந்த பிறகு அப்பா துவாரகாவுக்குத் திரும்பிப் போவதாகச் சொன்னார். பெட்டியைக்கூட எடுத்து வைத்தார். அத்தை, "போங்க. மத்தியானத்துக்குக் கத்திரிக்கா வெச்சிருக்கேன், சாப்பிட்டுப்போட்டுப் போங்க" என்றார். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். அப்புறம் போகவேயில்லை.

ஒரு வருஷம் நன்றாகப் போனது. வழக்கமான சோதனைக்குப் போனபோது அப்பாவின் கல்லீரலில் ஸ்கேன் புள்ளிகளைக் காட்டியது. அன்று எடுத்த ரத்தத்தில்கூட அவர் பூஜ்யம்தான். விஷயம் தெரியாமல் நர்ஸிடம், "ஜீரோ, சிஸ்டர், ஜீரோ. ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் ஸ்கேனைத் திரையில் வைத்தாள். தமிழில் தொடங்கினாள். அவளிடம் இருந்த தமிழ் அதற்குப் போதவில்லை. அப்பாவே, "திரும்பி வந்திட்டாக்கும்?" என்று கேட்டு அவளுக்கு உதவி செய்தார்.

அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு நான் மறுபடி உள்ளே போனேன். "ஜீரோன்னு சொன்னீங்களே" என்று கத்தினேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "தீதி, அது ஒரு ஆளுக்குக் குடுத்த ப்ராமிஸ் இல்ல. கூட்டத்துக்கு..." என்று ஆரம்பித்தாள். மிச்சத்தை நான் கேட்கவில்லை. தோற்றுப்போன வேட்பாளர்களின் ஆட்கள் எங்கள் சேனலுக்கு போன் செய்து கத்தும்போது அதே வாக்கியத்தை இதைவிட நல்ல உச்சரிப்பில் நானே சொல்லியிருக்கிறேன்.

கோடைக்குள் அப்பா பாதியாகிவிட்டார். கணுக்கால் வீங்கியது. சோறு இறங்கவில்லை. இப்போது ரத்தம் ஒளித்து வைக்க எதுவுமில்லாமல் எல்லாவற்றையும் சொன்னது. மருத்துவமனையிலிருந்து வந்ததும் கட்டிலில் படுத்தபடி கேட்டார்.

"ஏட்டி, மார்க்கு எத்தன?"

எதிர்க் கட்டிலில் இருந்து மாமா முந்திக்கொண்டார். "எனக்கும் உங்களுக்கும் இந்தத் தடவ ரெண்டுதானுங்க சம்மந்தி. மறுக்காவும் ஏறிக்கிச்சு. மிசினு கெட்டுப்போச்சோ என்னமோ."

அப்பா அவரைப் பார்த்தார். அவருடைய குண்டுக் கன்னங்களைப் பார்த்தார். "பொய் சொல்லாதேரும் வே. உமக்கு இன்னும் எந்தப் பல்லு பாக்கி?" என்றார்.

மாமா சிரிக்க ஆரம்பித்தார். அப்பாவும் சிரித்தார், சிரித்ததில் வயிறு வலித்து, பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தார். மாமா எழுந்து போய் ஃபேனை அப்பா பக்கம் திருப்பி வைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போனார். வெகுநேரம் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை கதவைத் தட்டி, "டேங்கு காலியாயிருமுங்க" என்று சத்தம் போட்டார்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், எங்கள் வீட்டில், அந்தக் கட்டிலிலேயே அப்பா போனார். மருத்துவமனைக்குப் போக வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார். அத்தை அவர் நெற்றியில் திருநீறு பூசினார். மாமாதான் அப்பாவின் ஊர்க்காரர்களுக்கெல்லாம் போன் செய்து, "எங்க சம்மந்தி போயிட்டாருங்க" என்று சொன்னார். ஒவ்வொரு போனிலும் அதே மூன்று வார்த்தைகள்தான். அதற்கு மேல் சொல்லாமல் வைத்துவிட்டார். சாம்பலைக் கரைக்க, டெல்லிக்காரர்கள் போகும் கங்கைக் கரையான கட்கங்கைக்குப் போனபோது கூடவே வந்தார். அங்கே மந்திரத்தை வேகமாகச் சொன்ன பண்டிட்டை நிறுத்தி, "பையா, ஜல்தி என்ன ஜல்தி? ட்ரெயினா போகுது?" என்று தமிழும் ஹிந்தியும் கலந்து சண்டை போட்டார். பண்டிட் முதலிலிருந்து சொன்னார்.

மாமா இப்போதும் சோதனைக்குப் போகிறார். நன்றாக இருக்கிறார்; ஸ்கேனில் ஒன்றும் இல்லை. காத்திருக்கும் கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பதுதான் பிரச்சினை. தமிழர்கள் என்றால் தமிழிலும் மற்றவர்கள் என்றால் ஈரோட்டு ஹிந்தியிலும், இந்த மார்க்கையெல்லாம் நம்பக் கூடாது, முதலில் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று விளக்குகிறார். போன மாதம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள் இப்போது பெரிய டாக்டர் ஆகிவிட்டாள்.

"தீதி, கோபப்படாதீங்க. ரெண்டு பேஷண்ட் இன்னிக்கு ரத்தம் குடுக்க மாட்டேன்னுட்டாங்க. அங்கிள வேற எங்கயாவது உட்கார வைங்க, ப்ளீஸ்."

கேன்டீனுக்கு அழைத்துப் போனேன். பிரட் பக்கோடாவில் எண்ணெய் அதிகம் என்று குறை சொல்லிக்கொண்டே என்னுடையதையும் சேர்த்துச் சாப்பிட்டார். பிறகு பக்கத்து மேஜையில் கையில் பஞ்சு ஒட்டியபடி உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.